கோட்டைக்குக் குறைவில்லை

இலங்கை மத்திய வங்கி வருஷா வருஷம் ஒரு பட்டியல் போடும். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒன்பது மாகாணங்களுக்கும் எவ்வளவு பங்கு என்று அதில் இருக்கும். மேல் மாகாணம் நாற்பது விழுக்காட்டை ஒட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும். 2000களின் நடுப்பகுதியில் நாட்டின் பாதியே அதன் மடியில் இருந்தது. கிழக்கு மாகாணத்தைத் தேடினால் பட்டியலின் அடிப்பக்கத்தில், ஐந்து ஆறு விழுக்காட்டு வட்டாரத்தில், வடக்கோடும் ஊவாவோடும் தோள் உரசிக்கொண்டு நிற்கும்.

நிலத்தை அளந்தால் கதை தலைகீழ். மேல் மாகாணம் 3,684 சதுர கிலோமீற்றர், கிழக்கு 9,996. ஆட்கணக்கைப் பார்த்தால், 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் மேல் மாகாணத்தில் 58 இலட்சம், கிழக்கில் பதினைந்தரை இலட்சம். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏழரைப் பேர் அப்போது கிழக்கில் இருந்தார்கள். உற்பத்தியில் அவர்கள் பங்கு அதைவிடக் குறைவு.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர் யாராவது தவறாமல் கேட்பார்: "உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகம் உங்களிடம்தானே இருக்கிறது?"

இருக்கிறது ஐயா, திருகோணமலையில். வில்லங்கமே அதுதான்.

உலகின் மிகச் சிறந்த துறைமுகம் இதுதான் என்று நெல்சன் சொன்னாராம். சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் சொல்கின்றன, நெல்சன் மறுக்கவில்லை. நீரும் நிலமுமாகப் பார்த்தால் கொழும்பைப்போலப் பத்து மடங்கு என்று துறைமுக அதிகாரசபையே பெருமைப்படுகிறது. அந்தப் பத்து மடங்கைப் பார்த்து வாயூறி வந்தவர்களின் வரலாறுதான் திருகோணமலையின் வரலாறு. வந்தவர்கள் எல்லோரும் ஒரே நோக்கத்தில் வந்தார்கள்: அடுத்தவன் கையில் போய்விடக் கூடாது. தனக்கு என்ன பயன் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. வைக்கோற்போரில் நாய் படுத்த கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே நானூறு வருஷமாக நாய் மாறிக்கொண்டே இருந்தது, வைக்கோல் அப்படியே இருந்தது.

இதை முன்கூட்டியே சொன்ன ஒரு கல் திருகோணமலைக் கோட்டை வாசலில் இருக்கிறது. இணைக்கயல் பொறித்து, பாதி உடைந்த தமிழ் வரிகளோடு நிற்கிறது. மீதி வரிகளை ஊர் வாய்மொழி நிரப்பி வைத்திருக்கிறது: குளக்கோட்டன் என்ற பழைய அரசன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி வந்து பிரிப்பான், அதற்குப் பின்னால் வேறு வேறு கண்நிறக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஆள்வார்கள். எந்தப் பொருளியல் நிபுணரும் நானூறு வருஷத்துக்கு இவ்வளவு சுத்தமாக ஆரூடம் சொன்னதில்லை. வேலைவாய்ப்பைப் பற்றி மட்டும் அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த விஷயத்திலும் கல் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

முதல் முதலீட்டாளர்கள் டென்மார்க்கிலிருந்து வந்தார்கள். பொஷௌவர் என்று ஓர் ஒல்லாந்தன். கண்டி அரசன் செனரத்தின் தூதன் என்று சொல்லிக்கொண்டு ஐரோப்பா போனான். சொந்த நாட்டுக் கம்பனி அவனைக் கணக்கெடுக்கவில்லை. நேரே கோப்பன்ஹேகன் போய் டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்தியானோடு 1618இல் ஒப்பந்தம் எழுதினான். படை நீங்கள் தாருங்கள், வியாபாரம் நாங்கள் தருகிறோம் என்ற கணக்கு. ஓவே கெடே என்ற இருபத்துச் சொச்சம் வயதுப் பிரபு தலைமையில் கப்பல்கள் கிளம்பின. நடுக்கடலில் பொஷௌவர் செத்துப்போனான். 1620இல் இவர்கள் இலங்கைக்கு வந்து, ஒப்பந்தத் தாளை நீட்டி "இதோ வந்துவிட்டோம்" என்றால், அரசன் "எந்த ஒப்பந்தம்?" என்றான்.

இலங்கையில் வெளிநாட்டு முதலீடு என்பது இப்படித் தொடங்கியது. அதன்பிறகு முறை பெரிதாக மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

டேனியர் திருகோணமலையில் கொஞ்ச நாள் கல்லை அடுக்கிப் பார்த்தார்கள். பிறகு கடலைக் கடந்து தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போனார்கள். அங்கே அதே வருஷம் இடம் கிடைத்தது. தரங்கம்பாடிக்குக் கோட்டை வந்தது, பிறகு சீகன்பால்க் பாதிரியார் வந்தார், அச்சுக்கூடம் வந்தது, தமிழில் வேதாகமம் வந்தது. திருகோணமலைக்கு வந்திருக்க வேண்டிய வேலைகள் தமிழ்நாட்டுக்குப் போன முதல் சம்பவம் இது. மாநிலத்துக்கு மாநிலம் தொழிற்சாலையை இழுக்கும் போட்டியில் நாங்கள் 1620இலேயே தோற்ற அனுபவஸ்தர்கள்.

டேனியர் வந்துபோனதில் போர்த்துக்கேயருக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருஷத்தில் அவர்களின் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினான். மூலப்பொருள் செலவு பூச்சியம். வேலைத்திட்டம் என்று எழுதினால் இடிப்பது ஒன்று, கட்டுவது ஒன்று, ஆக இரண்டு. ஊர்க்காரரைக் கேட்டிருந்தால் இரண்டும் வேண்டாம் என்றிருப்பார்கள். அந்தக் கோட்டையையும் 1639இல் ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் உண்மையாகவே வேலை தேடிக்கொண்ட ஒரே ஆள் ரொபேட் நொக்ஸ். 1659 கடைசியில் மசூலிப்பட்டினத்தில் புயலடித்து 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் பெரிய பாய்மரம் போய்விட்டது. புது மரம் வெட்டலாம் என்று கொட்டியாரக்குடாவுக்கு வந்தார்கள். இன்றைய மூதூர்ப் பக்கம். மரம் வெட்ட வந்தவர்களை 1660இல் இராசசிங்கனின் ஆட்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். தகப்பன் கப்பல் தலைவர், மகன் நொக்ஸுக்குப் பத்தொன்பது வயது. தகப்பன் அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். மகன் பத்தொன்பது வருஷத்துக்கு மேல் கண்டி இராச்சியத்தில் இருந்தான்.

சிறை என்றால் கம்பி இல்லை. ஊர் ஊராகப் பிரித்துவிட்டு, ஊர்க்காரர் சோறு போட வேண்டும் என்று கட்டளை. சும்மா இருக்க முடியாமல் நொக்ஸ் தொப்பி பின்னினான். விற்றான். ஆடு வளர்த்தான், பன்றி வளர்த்தான். நெல்லைக் கடன் கொடுத்து வருஷத்துக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி வாங்கினான். கைதியாக வந்தவன் மூலதனம் இல்லாமல் சுயதொழில் தொடங்கி, நுண்கடன் கம்பனியும் நடத்தி, 1679இல் அரிப்பு ஒல்லாந்தக் கோட்டைக்குத் தப்பி ஓடினான். 1681இல் லண்டனில் புத்தகமும் போட்டான். இன்றைக்குக் கிண்ணியாவிலும் மூதூரிலும் பெண்களைக் கூட்டிவைத்து நுண்கடன் கொடுக்கும் நிறுவனங்கள் நொக்ஸின் படத்தை மாலை போட்டுத் தொங்கவிடலாம். வட்டி விஷயத்தில் அவர்களுக்கு அவன் முப்பாட்டன்.

1672இல் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். தளபதி டி லா ஹே. துறைமுகத்துத் தீவுகளில் பீரங்கி ஏற்றினார்கள், ஒல்லாந்தர் வந்து இறக்கினார்கள். டி லா ஹே அந்தக் கோபத்தை மயிலாப்பூரில் காட்டி சாந்தோமைப் பிடித்தார். கண்டிக்குத் தூது போன லானரோல் என்ற பிரெஞ்சுக்காரர் அரசவை மரியாதையைக் காலில் போட்டு மிதிக்க, இராசசிங்கன் வழக்கம்போல ஆளை வைத்துக்கொண்டான். அந்தப் பெயர் இலங்கையில் இன்றைக்கும் இருக்கிறது. பிரான்சின் திருகோணமலைத் திட்டத்தில் நிலைத்த ஒரே பலன் ஒரு குடும்பப் பெயர்.

1782ஆம் ஆண்டு மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காது. ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். பிறகு சமாதானம் பேசி எல்லாம் ஒல்லாந்தரிடமே திரும்பியது. 1795இல் ஆங்கிலேயர் மறுபடி வந்து இந்த முறை நன்றாகச் சப்பணமிட்டார்கள். அந்த வருஷங்களில் ஊரில் நிம்மதியாக வருமானம் பார்த்திருக்கக்கூடிய தொழில் ஒன்றுதான்: கொடி தைப்பது.

வந்தவர்கள் காத்திருப்பதற்கு மட்டும் திருகோணமலை அருமையான இடம். 1800 கடைசியில் ஆர்தர் வெல்லெஸ்லி இங்கே படை சேர்த்துக்கொண்டு மொரீசியஸ் போகக் காத்திருந்தார். மேலிடம் மனம் மாறி, அதே படையை எகிப்துக்கு என்றது. தலைமை வேறு ஒருவருக்குப் போனது. வெல்லெஸ்லி பம்பாயில் காய்ச்சலும் சொறியும் வந்து கப்பலைத் தவறவிட்டார். அந்தக் கப்பல் போகும் வழியில் ஆட்களோடு மூழ்கிப்போனது. சொறி காப்பாற்றிய மனிதர் பதினாலு வருஷத்துக்குப் பிறகு வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தார். கோட்டைக்குள் வெல்லெஸ்லி வீடு இப்போதும் இருக்கிறது.

பெயர் ராசியையும் சொல்லிவிடுகிறேன். 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் ஒரு போர்க்கப்பல் கட்டினார்கள். அதற்கு 'ட்ரிங்கோமலி' என்று பெயர். 1819இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. சேர்ந்தவுடன் வேலை இல்லை என்று கழற்றி மூடி வைத்தார்கள், கால் நூற்றாண்டுக்கு. எங்கள் ஊர்ப் பெயரை வைத்தால் மரக்கட்டைக்குக்கூட உத்தியோகம் கிடைக்காது. இன்றைக்கு அது ஹார்ட்டில்பூலில் அருங்காட்சிப் பொருள். டிக்கெட் கொடுப்பவர், பெருக்குபவர், வழிகாட்டி என்று அந்த ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுக்கிறது.

இனிக் கொழும்பு. பொருளாதாரப் பட்டியலின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கொழும்புக்கு இயற்கை எதையும் கொடுக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பல்கள் திறந்த கடலில் நின்று தாளம் போட்டன. நல்ல கப்பல்கள் காலிக்குப் போயின. கொழும்பிடம் இருந்தது மலைநாட்டுக் கோப்பி. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடியது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்து அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் வைத்தார். பத்து வருஷத்தில் சுவர் முடிந்தது, காலியின் வாழ்வும் முடிந்தது. கோப்பியை நோய் தின்றபோது தேயிலை அதே தண்டவாளத்தில் ஏறிக்கொண்டது.

திருகோணமலைக்குக் கடவுள் கொடுத்ததைக் கொழும்பு சீமெந்தாலும் கருங்கல்லாலும் செய்துகொண்டது. கப்பல் வருவது தண்ணீரின் ஆழத்தைப் பார்த்தல்ல, கரையில் என்ன மூட்டை கிடக்கிறது என்று பார்த்துத்தான். எங்கள் கரைக்குப் பின்னால் கிடந்தது காடும் மலேரியாவும். எங்களுக்குப் புகையிரதம் வந்தது 1927இல், கண்டிக்கு அறுபது வருஷம் பிந்தி. அதற்குள் வங்கி, கப்பற்கம்பனி, காப்புறுதி, தரகர், ஏலமண்டபம் எல்லாம் கொழும்பில் வேர் விட்டாயிற்று. மத்திய வங்கியின் பட்டியல் உண்மையில் 1875இலேயே எழுதப்பட்டுவிட்டது. ஒவ்வொரு வருஷமும் பிரதி எடுக்கிறார்கள்.

ஆங்கிலக் கடற்படைக்கோ துறைமுகம் வெறுமையாக இருந்தால்தான் நிம்மதி. சரக்குக்கப்பல், கூலிக்காரர், சந்தை, சத்தம் எல்லாம் அவர்களுக்குத் தலையிடி. இங்கே வேலை பெருகியதெல்லாம் யாராவது யாரையாவது கொல்லப் புறப்பட்ட காலங்களில்தான். இரண்டாம் உலகப் போரில் தளம் வீங்கியது. யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மாரிலிருந்து மலையாளத்துத் தொழிலாளர்வரை வந்து குவிந்தார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அது எதிரி செய்த சேதம். 1944 ஓகஸ்டில் 'வேலியன்ட்' என்ற போர்க்கப்பலை, பழுதுபார்க்க ஐம்பதாயிரம் தொன் தாங்கும் மிதக்கும் தளத்தில் ஏற்றினார்கள். கப்பல் மேலே இருக்கத் தளம் முறிந்து மூழ்கியது. கப்பல் தப்பியது படுகாயத்தோடு. ஜப்பான்காரன் விமானம் விட்டுச் செய்யப் பார்த்ததைத் தாங்களே விமானம் இல்லாமல் செய்துகொண்டார்கள்.

1957இல் பிரதமர் பண்டாரநாயக்கா கடற்படைத் தளத்தை மீட்டார். நியாயமான காரியம், சந்தேகமில்லை. கொடி ஏறியது, சம்பளப் பட்டியல் இறங்கியது. தளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த மாதம் அடுப்பு எப்படி எரியும் என்று சுதந்திரப் பேச்சுகளில் யாரும் சொல்லவில்லை.

அரசாங்கம் கைகட்டிக்கொண்டு இருந்தது என்றும் சொல்ல முடியாது. செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு கந்தளாயில் சீனித் தொழிற்சாலை வந்தது. 1993இல் மூடினார்கள். அதற்குப் பிறகு கந்தளாய்ச் சீனி தேர்தல் மேடைகளில் மட்டும் இனித்தது. புல்மோட்டையில் கடற்கரை மணலே கனிமம்: இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன். மணலாகவே கப்பலேற்றுகிறோம். வெளிநாட்டுக்காரர் அதிலிருந்து வெள்ளைச் சாயம் எடுத்துப் பெயின்ற் செய்கிறார்கள். அந்தப் பெயின்றை வாங்கி நாங்கள் தொழிற்சாலை வரப்போகிறது என்று பெயர்ப்பலகை எழுதுகிறோம்.

ஒழுங்காக ஓடியவை இரண்டு. 1980இல் பிறிமா மா ஆலை. நாட்டின் பாணுக்கு மா அரைப்பது. பின்னால் டோக்கியோ சீமெந்து. கோதுமையும் கிளிங்கரும் கப்பலில் நேரே வந்து இறங்க ஆழமான தண்ணீர் உண்டு என்ற ஒரே காரணத்துக்காக வந்தவர்கள். நானூறு வருஷத்தில் இந்தத் துறைமுகத்தைத் துறைமுகமாகப் பார்த்த முதல் ஆட்கள். பிறிமா சிங்கப்பூர்க் கம்பனி என்பதைக் கவனிக்க வேண்டும். திருகோணமலை மாவட்டம் 2,727 சதுர கிலோமீற்றர். அதற்குள் சிங்கப்பூரைக் கிட்டத்தட்ட நாலு தடவை வைக்கலாம். அந்தச் சிங்கப்பூர் 2024இல் கையாண்ட கொள்கலன்கள் நாலு கோடிக்கு மேல், கொழும்பு எழுபது இலட்சத்துக்கு மேல். பின்னாளில் திருகோணமலைக்கு நகர்த் திட்டம் வரையவும் சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங்கைத்தான் கூப்பிட்டார்கள். படம் வரைவதில் அவர்களுக்குக் குறையில்லை. வண்ணம் வண்ணமாக வரைந்து கொடுத்தார்கள்.

1983க்கும் 2009க்கும் நடுவில் நடந்த போரைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த புள்ளிவிபரத்தைப் பண்ணலாம். 2010இலும் 2011இலும் வளர்ச்சி வேகத்தில் வட மாகாணம் இருபது விழுக்காட்டைத் தாண்டி முதலிடம் என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். படுத்த படுக்கையில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தால் அவன் வளர்ச்சி ஓடுகிறவனைவிடக் கூடத்தான் இருக்கும். நாலு வருஷம் கழித்து எவ்வளவு தூரம் நடந்தான் என்று கேட்டால் கொட்டை எழுத்து பொடி எழுத்தாகிவிடும்.

எண்ணெய்த் தாங்கிகளுக்கு வருவோம். சீனக்குடாக் காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிவைத்த தாங்கிகளில் மிஞ்சியவை 99. ஒவ்வொன்றும் பன்னிரண்டாயிரம் தொன் கொள்ளும். 1987இல் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் இவற்றுக்கும் இடம் கிடைத்தது: இரண்டு நாடும் கூட்டாகச் சீரமைக்கும், துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எவருக்கும் இராணுவத் தேவைக்குக் கொடுக்கக் கூடாது. கவனியுங்கள், மறுபடியும் "எவருக்கும் கொடுக்கக் கூடாது". 2003இல் இந்தியாவின் லங்கா ஐஓசிக்கு 35 வருஷக் குத்தகை, வருஷத்துக்கு ஓர் இலட்சம் டொலர். பிரித்துப் பார்த்தேன்: ஒரு தாங்கிக்கு மாதம் 84 டொலர். அந்தக் காசுக்குத் திருகோணமலையில் அறை எடுக்கலாம். அறையில் பன்னிரண்டாயிரம் தொன் கொள்ளாது. கடற்கரையோரம் இருந்த கொஞ்சத்தை அவர்கள் பாவித்தார்கள். மேலே இருந்த எண்பது சொச்சத்தைக் காடு பாவித்தது.

2022 ஜனவரியில் மறுபடி பங்கு பிரித்தார்கள். ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த புதுக் கம்பனிக்கு 61. கூட்டிப் பார்த்தால் 99 வரும். கணக்கில் பிழையில்லை. அம்பாந்தோட்டையில் நிலத்தைத் தோண்டித் துறைமுகம் செய்து, 2017இல் சீனக் கம்பனிக்கு 99 வருஷத்துக்குக் கொடுத்தார்கள். இயற்கைத் துறைமுகத்தைக் காட்டுக்குள் விட்டுவிட்டு, காட்டைத் தோண்டித் துறைமுகமாக்கிய நாடு உலகில் இன்னொன்று இருக்கிறதா என்று தெரியவில்லை. 99க்கும் எங்கள் ஜாதகத்துக்கும் ஏதோ தொடுப்பு இருக்கிறது.

அப்படியானால் எங்கள் பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள்? கட்டாரில். குவைத்தில். சவூதியில். மூதூரிலும் கிண்ணியாவிலும் கேட்டுப் பாருங்கள். வேலையில்லாதவன் விமானம் ஏறிய நிமிடம் தொழிற்படைக் கணக்கெடுப்பிலிருந்து இறங்கிவிடுகிறான். மாகாணத்தின் வேலையின்மை விகிதம் தானாகவே அழகாகிவிடும். அவன் அனுப்பும் காசு வீடு கட்டும், தங்கச்சியைக் கரையேற்றும். ஆனால் அது வெளிநாட்டு உழைப்பு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேராது. விமானம் ஏறும் கட்டுநாயக்கா இருப்பதோ மேல் மாகாணத்தில். அங்கே அவன் குடித்த தேத்தண்ணிக் காசு மட்டும் தப்பாமல் மேல் மாகாணத்தின் நாற்பது விழுக்காட்டில் சேர்ந்துவிடும்.

கடைசியாக வந்தது மூதூர்ப் பக்கத்துச் சம்பூர். 2006இல் அங்கே நிலக்கரி மின்நிலையம் என்று இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். அதே வருஷம் சண்டையில் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தது, திரும்பி வர ஒன்பது பத்து வருஷமானது. 2016இல் நிலக்கரி கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5 அன்று மோடியும் அநுர குமார திசாநாயக்காவும் கொழும்பிலிருந்து பொத்தானை அமுக்கி அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தைத் தொடக்கிவைத்தார்கள். புகை இல்லை, சாம்பல் இல்லை, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் தகட்டைப் பொருத்தி முடித்த பிறகு அங்கே வேண்டியது இரண்டு மூன்று பொறியியலாளர், வாயிலில் காவலாளி, தகடு துடைக்கக் கொஞ்சம் ஆட்கள், தகட்டுக்குக் கீழே வளரும் புல்லை வெட்ட ஒருவர்.

அந்தப் புல்லுக்கும் வெளிநாடுகளில் ஆள் வைப்பதில்லையாம், ஆட்டை விடுகிறார்களாம். திருகோணமலைக் கோட்டையிலிருந்து பஸ் நிலையம்வரை பட்டப்பகலில் ஆயிரம் ஒப்பந்தம் பார்த்த முகத்தோடு உலாவும் புள்ளிமான்கள் இதைக் கேள்விப்பட்டால் அந்த வேலைக்கும் அவைதான் முதலில் விண்ணப்பிக்கும்.